இரு எஸ்கோபர்கள் (ஆவணப்படம்)

இரு எஸ்கோபர்கள், 2010இல் வெளியான ஆவணப்படம். ஜெஃப் சிம்பலிஸ்ட், மைக்கேல் சிம்பலிஸ்ட் ஆகிய அமெரிக்கச் சகோதரர்கள் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியின் '30 ஃபார் 30' வரிசைக்காக இதை இயக்கினர். கொக்கைன் கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபரின் எழுச்சி, வீழ்ச்சியைக் கால்பந்து வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபரின் வாழ்வோடு இணைத்துச் சொல்கிறது. இருவருக்கும் ஊர் கொலம்பியாவின் மெடலின். ஆனால் உறவினர் அல்லர்.

பின்னணி

1949இல் பிறந்த பாப்லோ, 1970களில் கொக்கைன் கடத்தலில் இறங்கி மெடலின் கும்பலை வளர்த்தெடுத்தான். குப்பைமேட்டில் குடியிருந்தவர்களுக்கு வீடுகளும், சேரிகளில் விளையாட்டுத் திடல்களும் அமைத்துக் கொடுத்ததால் ஏழைகள் அவனைக் கொண்டாடினர். 1982இல் நாடாளுமன்ற மாற்று உறுப்பினரானான். அவனது தொழிலை அம்பலப்படுத்திய நீதித்துறை அமைச்சர் ரோட்ரிகோ லாரா போனியா 1984இல் கொல்லப்பட்டார்.

கடத்தல் பணம் கால்பந்துக்குள் பாய்ந்த காலமும் அதுவே. நுழைவுச்சீட்டு வசூலையும் வீரர்களின் விலையையும் கூட்டிக் காட்டினால் கறுப்புப் பணம் வெள்ளையாகும். அத்லெடிகோ நசியோனாலுக்குப் பாப்லோ, பொகோட்டாவின் மியோனாரியோசுக்குக் கொன்சாலோ ரோட்ரிகஸ் காச்சா, அமெரிக்கா தெ காலிக்கு ரோட்ரிகஸ் ஒரேஹுவேலா சகோதரர்கள் என்று ஒவ்வொரு பெரிய கும்பலுக்கும் ஓர் அணி இருந்தது. பணம் வந்ததால் திறமையான வீரர்கள் வெளிநாடு செல்லாமல் உள்ளூரிலேயே நின்றனர். பயிற்சியாளர் பிரான்சிஸ்கோ மதுரானாவின் கீழ் நசியோனால் 1989இல் கோப்பா லிபெர்டடோரஸை வென்றது. கொலம்பிய அணி ஒன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. அதே ஆண்டு நவம்பரில் நடுவர் ஆல்வரோ ஒர்டேகா மெடலினில் சுட்டுக் கொல்லப்பட, உள்நாட்டு லீக் பாதியில் கைவிடப்பட்டது.

கதைச்சுருக்கம்

அமெரிக்காவுக்கு நாடுகடத்தப்படமாட்டான் என்ற உறுதி கிடைத்ததும் 1991இல் பாப்லோ சரணடைந்தான். அவனுக்கென்றே எழுந்த லா கத்தெட்ரால் சிறையில் தேசிய அணி வீரர்கள் அவனோடு பந்தாடினர். 1992இல் தப்பியவன், 1993 டிசம்பர் 2 அன்று மெடலினில் ஒரு வீட்டுக் கூரையில் காவல்துறையின் குண்டுக்கு இரையானான்.

அதற்கு மூன்று மாதங்கள் முன்னர் கொலம்பியா, புவெனஸ் ஐரிஸில் அர்ஜென்டினாவை 5-0 என வீழ்த்தி, பெரும் எதிர்பார்ப்போடு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்தது. 1994 ஜூன் 22 அன்று அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் ஆந்த்ரேஸ் அடித்த சேம்சைடு கோலும் சேர்ந்து 2-1 என்ற தோல்வியைத் தந்தது. ஊர் திரும்பிய அவர், அந்தக் கோலைச் சொல்லி இழிவுபடுத்தியவர்களோடு ஏற்பட்ட வாக்குவாதத்தின் முடிவில் ஜூலை 2 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். பாப்லோ இருந்திருந்தால் இக்கொலை நடந்திருக்காது என்போரின் குரலும் படத்தில் ஒலிக்கிறது. பெருந்தலை சாய்ந்ததும் சிறு கும்பல்கள் கட்டவிழ்ந்தன என்பதே படம் தரும் விளக்கம்.

ஆக்கமும் வரவேற்பும்

பழைய செய்திப்பதிவுகளையும் நேர்காணல்களையும் கொண்டு படம் அமைந்துள்ளது. மதுரானா, முன்னாள் அதிபர் சேசர் கவீரியா, பாப்லோவின் அடியாள் 'போபாய்' ஆகியோர் பேசுகின்றனர். கான், டிரைபெக்கா விழாக்களில் திரையிடப்பட்டது; 2010 உலகக் கோப்பையின்போது தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஆந்த்ரேஸைச் சுட்டவனுக்கு 43 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது; ஆனால் 2005இலேயே அவன் விடுதலையானான்.