அல்ஃபோர் குதிரைவீரன்

இறந்த மிருகத்தின் உடல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. முதலில் குடல் கெடும். பின் மூளை குழைந்துபோகும். கோடைகாலமாயின் மறுநாள் அது கிடக்கும் அறையில் நிற்பதே அரிது. மாட்டின் இரைப்பையிலே தேனடைபோல் கட்டங்கட்டமாக அமைந்த இரண்டாம் அறையையும், சுவடியின் ஏடுகளைப்போல் மடிந்து மடிந்து கிடக்கும் மூன்றாம் அறையையும் விரலால் தடவிப் பார்த்தே அறிந்துகொள்ள வேண்டிய மாணாக்கனுக்கு இந்த அவகாசம் எப்படிப் போதும்?

வெக்கை நோய் ஐரோப்பாவின் மாட்டுமந்தைகளைச் சூறையாடிக்கொண்டிருந்த அக்காலத்தில், லியோன் நகரத்துக் குதிரையேற்றப் பள்ளியின் தலைவராயிருந்த குளோத் பூர்ஜலா, 1761-இல் அரசாங்கத்தின் அனுமதி பெற்று, உலகின் முதல் மிருகவைத்தியக் கல்லூரியை அந்நகரிலேயே ஸ்தாபித்தார். அங்கே சரீர சாஸ்திரம் போதிக்க அவர் அமர்த்திக்கொண்டவர், வாசனைத் திரவியங்களுக்குப் பேர்போன கிராஸ் ஊரில் 1732-இல் பிறந்த ரண வைத்தியர் ஒனோரே ஃபிராகொனார். புகழ்பெற்ற ஓவியரான ஃபிராகொனார் இவருக்கு உறவினர். கலைத்திறம் குடும்பத்திலேயே ஊறியிருந்தது போலும். சில ஆண்டுகளில் பாரிஸுக்கு அருகே அல்ஃபோரில் இரண்டாவது கல்லூரி எழுந்தபோது இவரும் அங்கே சென்றார்.

அவருடைய வேலை முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உடலை வெந்நீரில் நெடுநேரம் ஊறவைத்து இளக்கி, ஆட்டுக்கொழுப்பும் பிசினும் டர்பன்டைன் தைலமும் கலந்து உருக்கிய குழம்பை, சுத்த ரத்த நாளங்களுக்குச் சிவப்பும் அசுத்த ரத்த நாளங்களுக்கு நீலமுமாக வர்ணமேற்றி, ஆறுமுன்னே பீச்சுகுழலால் செலுத்தி, அது நுண்ணிய கிளைகள்வரை ஓடி உறைந்த பின் தோலை உரித்து, தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பல நாள் சாராயத்தில் ஊறப்போட்டு, நூலாலும் ஊசியாலும் அட்டையாலும் வேண்டிய நிலையில் இழுத்துக் கட்டி, காற்றில் உலர்த்தி, மேலே மெருகெண்ணெய் பூசி முடிப்பார். குழம்பின் சூடு சிறிது குறைந்தால் பாதி வழியிலேயே உறையும். மிகுந்தால் மெல்லிய நாளம் வெடிக்கும். அந்தப் பக்குவம் ஏட்டில் எழுதிக் கற்பிக்கக் கூடியதன்று; கைதான் அறியும்.

இவ்வாறு உருவானதே, பாய்ந்தோடும் குதிரைமீது தோலுரிந்த மனிதன் அமர்ந்திருக்கும் அந்தப் பிரசித்தமான உரு. ஃபிராகொனாரின் இறந்துபோன காதலியின் உடல் அது என்றொரு கதை வெகுகாலம் உலவியது. ஏறியிருப்பதோ ஓர் ஆண். இத்தகைய உழைப்பாளியை 1771-இல் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பித்துப் பிடித்தவர் என்றுகூடச் சிலர் பேசினார்கள். அதை அநியாயம் என்றே நான் எண்ணுகிறேன். வீட்டிலிருந்தபடியே பிரபுக்களின் காட்சிசாலைகளுக்கு உருக்கள் செய்துகொடுத்து வந்த அவர், புரட்சிக்குப் பின் மீண்டும் அரசாங்க சேவையில் சேர்ந்து, 1799-இல் காலமானார்.

உலர்த்தும் முறைக்கும் குறை இல்லாமலில்லை. தசை சுருங்கும், மூளையும் ஈரலும் அதற்கு வசப்படா. அவற்றைச் சாராயத்தில் இட்டுவைத்தால் நிறம் வெளுக்கும், செலவும் மிகும். 1893-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கிருமிநாசினியாக ஃபார்மலினைச் சோதித்துக்கொண்டிருந்த ஃபெர்டினாண்ட் புளூம், தம் விரல்களின் தோலே இறுகிவிட்டதைக் கண்டார். அன்றுமுதல் கல்லூரி ஜாடிகளில் அத்திரவமே நிறைந்தது. கண்ணெரிச்சலையும் சாம்பல் பூத்த நிறத்தையும் பொறுத்துக்கொண்டால், ஓர் ஈரலை ஆண்டுக்கணக்கில் கையிலெடுத்துப் பார்க்கலாம்.

குதிரைவீரன் இன்னும் அல்ஃபோரிலேயே இருக்கிறான். அவன் குதிரையின் கழுத்தில், இன்றைய வைத்தியர் ஊசி ஏற்றத் தேடும் அதே பள்ளத்தில், அன்று செலுத்திய குழம்பைத் தாங்கியபடி அந்தப் பெரிய நாளம் தாடையிலிருந்து மார்புவரை இறங்குகிறது.