சட்டாம்பிள்ளையும் கேமராவும்

பருத்திப்பட்டுல ஸ்கூல் படிக்கும்போது நான் கிளாஸ் லீடர். வாத்தியார் இல்லாதப்ப பேசுறவன் பேரை போர்டுல எழுதற உத்தியோகம் :-) அதுக்குப் பழைய பேர் சட்டாம்பிள்ளை. திண்ணைப் பள்ளிக்கூடத்துல சின்னப் பசங்களைக் கண்காணிச்சு, பாடமும் சொல்லிக்கொடுக்குற பெரிய பையன்.

1789ல் எழும்பூர் ராணுவ அனாதைச் சிறுவர் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் வாத்தியார்கள் அதற்கு ஒத்துவரவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்ற 8 வயதுப் பையனையே ஆசிரியனாக்கினார். 1797ல் லண்டனில் இதைப் புத்தகமாகவும் போட்டார். 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தில் பரவியது இப்படித்தான்.

2018ல் சீனாவின் ஹாங்சோ நகரப் பள்ளி ஒன்று சட்டாம்பிள்ளை வேலையை கேமராவுக்குக் கொடுத்தது. 30 விநாடிக்கு ஒருமுறை வகுப்பை ஸ்கேன் பண்ணி, படிக்கிறானா, எழுதுறானா, கை தூக்குறானா, மேசையில் சாய்ஞ்சிருக்கானா என 6 வகையாகப் பிரித்தது. அதே வருஷம் டிசம்பரில் நம்ம அசோக் நகர் அரசு மகளிர் பள்ளியிலும் முகம் பார்க்கும் கருவி வந்தது. அது வெறும் அட்டெண்டன்ஸுக்கு.

நிரல் எழுதுறவனா சொல்றேன், சாய்ஞ்ச தலையைக் கண்டுபிடிக்கிறது சுலபம். ஏன் சாய்ஞ்சதுங்கிறது பிக்சல்ல இருக்காது. எங்க கடைசி பெஞ்சுல ஒருத்தன் தினமும் தூங்குவான். விடியக்காலைல பேப்பர் போடப் போறவன்னு எனக்குத் தெரியும். அவன் பேரை நான் போர்டுல எழுதினதே இல்லை.