இந்தியா - ரஷ்யா: உரசல்களுக்கு நடுவே நீடிக்கும் உறவு

பெங்களூரு: மொழி, ஆட்சிமுறை, பொருளாதாரம் என எதிலும் ஒற்றுமை இல்லாத இந்தியாவும் ரஷ்யாவும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒன்றையொன்று கைவிடாமல் இருந்து வருகின்றன. இது முறையான ராணுவக் கூட்டணி அன்று. 1971 ஆகஸ்ட் 9-இல் சோவியத் ஒன்றியத்துடன் கையெழுத்தான உடன்படிக்கைகூட, ஒரு நாடு தாக்கப்பட்டால் இரு நாடுகளும் உடனே கலந்தாலோசிக்க வேண்டும் என்றே கூறியது.

அந்த நெருக்கத்துக்குச் சித்தாந்தத்தைவிட அச்சமே காரணம் எனலாம். பாகிஸ்தான் அமெரிக்க அணியில் இருந்தது. சீனாவுடன் 1962-இல் இந்தியாவும், 1969-இல் சோவியத் ஒன்றியமும் மோதியிருந்தன. வங்கதேசப் போரின்போது ஐ.நா. பாதுகாப்பு அவையில் இந்தியாவுக்குச் சாதகமாக மாஸ்கோ தனது ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தியது.

இந்த உறவின் இரு முகங்களையும் அறிந்த நகரம் பெங்களூரு. இங்குள்ள பீன்யா தொழிற்பேட்டையில் உருவான ஆரியபட்டா செயற்கைக்கோள், 1975 ஏப்ரல் 19-இல் சோவியத் ராக்கெட் மூலம் ஏவப்பட்டது. ஆனால், கிரையோஜெனிக் என்ஜின் விவகாரத்தில் ஏற்பட்டது கசப்பான அனுபவம். தொழில்நுட்பத்தையும் சேர்த்து வழங்க 1991-இல் கிளாவ்காஸ்மோஸ் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. ஏவுகணைத் தொழில்நுட்பப் பரவலைக் காரணம் காட்டி, 1992-இல் அந்நிறுவனம் மீதும் இஸ்ரோ மீதும் அமெரிக்கா தடை விதித்தது. சோவியத் ஒன்றியம் சிதறி, மேற்கத்திய நிதியுதவியை எதிர்நோக்கியிருந்த ரஷ்யா, 1993-இல் தொழில்நுட்பத்தைத் தர இயலாது எனப் பின்வாங்கியது. ஆயத்த நிலையில் ஏழு என்ஜின் அடுக்குகள் மட்டும் வந்தன. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் நடைபெற்ற நெடிய சோதனைகளுக்குப் பின், 2014 ஜனவரி 5-இல்தான் உள்நாட்டு கிரையோஜெனிக் என்ஜினுடன் ஜிஎஸ்எல்வி வெற்றி கண்டது.

ஆயுத வணிகத்திலும் உரசல்கள் உண்டு. 2004-இல் சுமார் 97 கோடி டாலருக்கு ஒப்பந்தமான விக்ரமாதித்யா விமானந்தாங்கிக் கப்பல், 2013-இல் ஒப்படைக்கப்பட்டபோது விலை 230 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ஆயினும் விலகுவது எளிதன்று. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட எச்ஏஎல் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்த சுகோய்-30 விமானங்கள்தாம் விமானப்படையின் முதுகெலும்பு; அவற்றின் பராமரிப்பும் மேம்பாடும் மாஸ்கோவுடனான உறவைச் சார்ந்தவை. அதே எச்ஏஎல் தயாரிக்கும் தேஜஸ் போர் விமானத்தில் இருப்பதோ அமெரிக்க என்ஜின். ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த சிப்ரி ஆய்வு நிறுவனக் கணக்குப்படி, இந்தியாவின் ஆயுத இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2009-13-இல் 76 சதவீதமாக இருந்து, 2019-23-இல் 36 சதவீதமாகக் குறைந்தது.

உக்ரைன் போருக்குப் பின் சீனாவை ரஷ்யா மேலும் நெருங்குவது புது தில்லிக்குக் கவலை தருகிறது. ரஷ்யாவை முற்றிலும் ஒதுக்கினால் அந்த நெருக்கம் இறுகிவிடும் என்பது அதைவிடப் பெரிய கவலை. எனவே ஐ.நா. வாக்கெடுப்புகளில் பெரும்பாலும் பங்கேற்காமல் ஒதுங்கிய இந்தியா, மலிவு விலைக் கச்சா எண்ணெயையும் வாங்கியது. இதன் காரணமாக 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 25 சதவீதக் கூடுதல் வரி விதித்தது.

ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நான்கு விமானிகள் முதற்கட்டப் பயிற்சியை மாஸ்கோ அருகே உள்ள ககாரின் மையத்திலும், அடுத்தகட்டப் பயிற்சியைப் பெங்களூரிலும் பெற்றனர். அவர்களுள் ஒருவரான சுபான்ஷு சுக்லா, 2025 ஜூனில் அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் விண்கலத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் சென்றார்.