தொண்டும் வாசலும்

சென்ற மாரியில், பிக்கரிங்கில் என் வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தேன். பெரியபுராணம் வாசிக்க வந்த நண்பரொருவர் என் கைச் சவளைப் பார்த்து, "இதுவும் உழவாரம்தான்" என்றார். அப்பரை நினைத்துச் சொன்ன பகிடி. அன்றைய விவாதம் அதிலேயே தொடங்கியது: தொண்டு வழியா, முடிவா?

சைவ சித்தாந்தத்தின் விடை தெளிவானது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு நெறிகளை வகுக்கிறது. கோயிலைக் கூட்டி மெழுகுதலும் பூத்தொடுத்தலும் விளக்கிடுதலும் சரியை. அதன் பயன் இறைவனின் உலகை அடைதல் மட்டுமே. முடிந்த முடிபான முத்தி ஞானத்துக்கு உரியது. தொண்டு, அப்படியானால், முதற்படி.

ஒரு நூற்றாண்டு முந்திய சேக்கிழாரோ அடியார்களை வீடுபேற்றையும் வேண்டாதவர்கள் என்கிறார். திருக்குறிப்புத்தொண்டர் அடியாரின் ஆடை வெளுத்தார். பார்வையற்ற தண்டியடிகள் திருவாரூர்க் குளத்தைத் தோண்டினார். இவர்களுக்குத் தொண்டைக் கடந்து அடையவேண்டியது எதுவுமில்லை. நான் சேக்கிழாரின் பக்கமே நிற்கிறேன்.

ஆனால் அதே நூல்தான் என்னைத் தடுமாறவும் வைக்கிறது. ஆதனூர் நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தார். அந்தத் தோல் உள்ளே போனது. கொடுத்தவர் வாசலில் நின்றார். தில்லைக்குள் நுழைய அவர் தீயில் மூழ்கவேண்டியிருந்தது. தொண்டை ஏற்று, தொண்டரை விலக்கிய வரலாறு இது.

பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. வழிபாட்டிடங்களில் சாதித்தடையைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957இல் வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களை மறித்து நின்றவர்களும் சைவர்களே. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் பறை முழக்கியவரை நான் ஒருநாளும் உள்வீதியில் கண்டதில்லை. ஏனென்று ஐயாவிடம் கேட்டதுமில்லை.

புலம்பெயர்ந்த மண்ணிலும் கோயில் கட்டுகிறோம். தொண்டே வாழ்வின் உச்சப் பேறு என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்லலாம், ஆனால் மாவிட்டபுரத்தையும் சேர்த்தே சொல்லவேண்டும். தொண்டு உண்மையிலேயே உச்சமானால், அன்னதானப் பாத்திரம் கழுவுபவருக்கும் நிர்வாகசபைத் தலைவருக்கும் இடையே மேல் கீழ் எப்படி வந்தது? நண்பருக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. வாசகர்கள் எழுதட்டும்.