பிபி மெஷினுக்குள்ள பாதரசம் இல்ல, பேர்ல இருக்கு

பிபி ரிப்போர்ட்ல 120/80 பக்கத்துல 'எம்.எம். ஹெச்ஜி'ன்னு போட்டிருக்கும். எம்.எம். மில்லிமீட்டர். ஹெச்ஜி, பாதரசத்தோட வேதியியல் குறியீடு. ஹைட்ரார்ஜிரம், அதாவது 'நீர் வெள்ளி' என்ற பழைய பெயரின் சுருக்கம். பேட்டரியில ஓடுற மெஷினுக்குள்ள ஒரு சொட்டு பாதரசம் கிடையாது. அப்புறம் ஏன் இந்தப் பேர்?

17ஆம் நூற்றாண்டு இத்தாலிக்குப் போவோம். உறிஞ்சு பம்பு வச்சு சுமார் 10 மீட்டருக்கு மேல தண்ணி ஏத்த முடியல. டாரிசெல்லி வேற மாதிரி யோசிச்சார்: பம்பு இழுக்கல, வெளியே இருக்கிற காத்தோட எடை தண்ணியைத் தள்ளுது. சோதிக்க 10 மீட்டர் குழாய்க்கு எங்க போறது? பாதரசம் தண்ணியைவிட 13.6 மடங்கு அடர்த்தி. அதனால 1640களில் ஒரு மீட்டர் கண்ணாடிக் குழாயே போதுமானதா இருந்துச்சு. பாதரசம் சுமார் 76 சென்டிமீட்டரில் நின்னுச்சு. 1648ல பாஸ்கலின் அக்கா கணவர் பெரியே, பிரான்ஸில் ஒரு மலை உச்சியில் அளந்தார். அங்க பாதரச மட்டம் இறங்கியிருந்தது. அழுத்தத்தை இனிமே உயரமா எழுதலாம்.

1896ல இத்தாலிய டாக்டர் ரிவா-ரோச்சி, கையில கட்டுற பட்டையோட பாதரசக் குழாயை இணைச்சார். 1905ல ரஷ்ய டாக்டர் கொரோட்காஃப், ஸ்டெதஸ்கோப்ல சத்தம் கேட்டு கீழ் எண்ணையும் கண்டுபிடிக்க வழி சொன்னார். 120ன்னா பாதரசம் 120 மில்லிமீட்டர் உயரும்னு அர்த்தம். அதுவே தண்ணியா இருந்தா 1.6 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம்!

இன்னிக்கு அழுத்தத்துக்கு சர்வதேச அலகு பாஸ்கல். அதுல 120/80ஐ எழுதினா 16/10.7 கிலோபாஸ்கல். ஆனா டாக்டர்கள், நர்ஸுகள், நோயாளிகள் எல்லார் மனசுலயும் பதிஞ்ச எண் 120. ஒரே நாள்ல மாத்தினா, யாரோ ஒருத்தர் 16ஐத் தப்பாப் படிப்பாங்க. மருந்து அளவும் தப்பாகும்.

பாதரசத்துக்கு அந்தச் சலுகை கிடைக்கல. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை, பாதரசக் கழிவு விவகாரத்தில் 2001ல மூடப்பட்டது. 2013ல கையெழுத்தான மினமாட்டா ஒப்பந்தம், பாதரச பிபி கருவித் தயாரிப்பை 2020க்குள் நிறுத்தணும்னு சொன்னது.

எங்க தொழில்லயும் இது சகஜம். உள்ளே இருக்கிற மொத்த கோடையும் மாத்திடுவோம். வெளியே ஆயிரம் பேர் நம்பியிருக்கிற பேர்ல மட்டும் கை வைக்க மாட்டோம். விஷமான உலோகத்தை வெளியேத்திட்டு, விஷமில்லாத பேரை மட்டும் வச்சுக்கிட்டாங்க. நல்ல முடிவுதான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.