வெறும் பெட்டியை ஏன் காட்ட வேண்டும்?

தேர்தல் கண்காணிப்புத் தொண்டர்களுக்கான ஒருநாள் பயிற்சிக்கு எங்கட கலைப்பீடத்திலிருந்து ஒன்பது பேர் போனோம். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் தருவினம் எண்டதும் ஒரு காரணம், மறைக்கத் தேவையில்லை. கையில் தந்த படிவத்தின் முதற் கேள்வி: வாக்கெடுப்புத் தொடங்கமுன் வெறும் பெட்டியைத் திறந்து கட்சி முகவர்களுக்குக் காட்டினார்களா? அதற்குக் கீழே அடையாள அட்டை, விரலில் பூசும் மை, பெட்டியில் வைத்த முத்திரை, பெட்டி வெளிக்கிட்ட நேரம் எண்டு நீண்டுகொண்டு போனது.

"இதெல்லாம் ஆர் சேர் யோசிச்சுப் போட்டது?" எண்டு எங்களில் ஒருத்தி கேட்டாள். "யோசிச்சுப் போடேல்லை பிள்ளை, பட்டுப் போட்டது" எண்டார் பயிற்சி தந்தவர். அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போய்ப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

21 வயது கடந்த ஆண், பெண் எல்லோருக்கும் இலங்கையில் 1931இல் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவுக்கே முன்னோடி எண்டு பாடப்புத்தகத்தில் படித்தோம். அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்ததையும், வடக்கின் நான்கு தொகுதிகள் வெறுமையாகக் கிடந்ததையும் அதே புத்தகத்தில் அவசரமாகக் கடந்துபோனோம். அந்தக் காலத்தில் வாக்குச்சீட்டில் புள்ளடி போடுவதில்லை. வேட்பாளருக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு பெட்டி. சின்னங்கள் வந்தது பிறகுதான்.

ஆனால் 1952இன் பெரிய மாற்றம் வேறு. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலையகத்திலிருந்து 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தபிறகு, 1952இல் அந்தக் கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. அதற்கு ஒரு பெட்டியையும் உடைக்கத் தேவைப்படவில்லை. ஆட்களின் பெயர்தான் இடாப்பில் இல்லை. எங்கட கையிலிருந்த படிவத்தில் இதைக் குறிக்க ஒரு கட்டமும் இல்லை எண்டதை அப்போதுதான் கவனித்தோம்.

பெட்டிக்கு வருவோம். 1981 யூன் 4, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். மே 31 இரவு தொடங்கிய பொலிசாரின் வெறியாட்டத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிந்து சாம்பலாகியிருந்தது. அந்தச் சூடு ஆறமுன்னமே வாக்கெடுப்பு. பயிற்சி பெற்றிருந்த தலைமை தாங்கும் அலுவலர்கள் பலர் கடைசி நேரத்தில் மாற்றப்பட்டு, வெளியிலிருந்து கொண்டுவந்தவர்கள் அந்த இடங்களில் அமர்த்தப்பட்டார்கள். சில பெட்டிகள் எண்ணும் நிலையத்துக்கு வந்து சேரவேயில்லை. அப்படியிருந்தும் யாழ்ப்பாணத்தின் 10 ஆசனங்களையும் கூட்டணி வென்றது. நூலகத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியாத ஆளில்லை. அதே கிழமை காணாமல்போன பெட்டிகளைப் பற்றி எங்களில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

அடுத்த வருடம் டிசெம்பர் 22இல் சர்வசன வாக்கெடுப்பு. பொதுத்தேர்தல் நடத்தாமலே பாராளுமன்றத்தை இன்னும் 6 வருடங்களுக்கு நீட்டலாமா எண்டதுதான் கேள்வி. ஓமெண்டால் விளக்கு, இல்லையெண்டால் குடம். நாட்டில் அவசரகாலச் சட்டம். மிரட்டலும் ஆள்மாறாட்டமும் நடந்ததைத் தேர்தல் ஆணையாளரே பிறகு அறிக்கையாக எழுதிவைத்தார். யாழ்ப்பாணம் பெருமளவில் குடத்துக்கே போட்டது. நாடளாவிய கணக்கில் விளக்குக்கு 54.66 வீதம். 1977இல் தெரிவான பாராளுமன்றம் 1988 டிசெம்பர்வரை இருந்தது. இடையில் வயதுக்கு வந்தவர்கள் ஒரு பொதுத்தேர்தலைக் காணாமலே யுத்தத்துக்குள் போனார்கள்.

உள்ளூர்க் கண்காணிப்பு முளைத்தது இந்தக் காலத்தில்தான். பெப்ரல் அமைப்பு 1987இல் தொடங்கியது. தேர்தல் வன்முறைகளைக் கண்காணிக்கும் நிலையம் 1997இல் வந்தது. 1999 ஜனவரி வடமேல் மாகாணசபைத் தேர்தல் இவர்களுக்கு ஒரு பெரிய சோதனை: முகவர்களைத் துரத்திவிட்டுப் பெட்டிகளை நிரப்பினார்கள். கண்காணிப்பாளர்கள் அதை நிலையம் நிலையமாகப் பதிந்தார்கள். தேர்தலை அவர்களால் நிறுத்த முடியவில்லை. ஆனால் ஒண்டும் நடக்கவில்லை எண்டு பிறகு ஆராலும் சொல்ல முடியாமல் போனது.

2005 நவம்பர் 17 எங்களைக் குழப்புகிற நாள். யாழ். மாவட்டத்தில் பதிவான வாக்காளர் 7 இலட்சத்துக்கு மேல், வந்து போட்டவர்கள் 1.2 வீதம். புலிகளின் பகிஷ்கரிப்பு. விரும்பி நின்றவர் எத்தனை, பயந்து நின்றவர் எத்தனை எண்டு வீட்டில் கேட்டால் வீட்டுக்கு ஒரு பதில் வருகிறது. நாடு முழுவதும் வென்றவரின் வித்தியாசம் ஏறக்குறைய 1 இலட்சத்து 80 ஆயிரம்தான். அண்டைக்கு எங்களில் ஒருவர் உள்ளே இருந்திருந்தால் வெறும் பெட்டி காட்டப்பட்டது, முத்திரை சரி, வரிசையில் குழப்பமில்லை எண்டு எல்லாவற்றுக்கும் "ஆம்" போட்டிருப்பார்.

பின்னேரம் ஒத்திகை வைத்தார்கள். கதிரைகளை அடுக்கி வாக்களிப்பு நிலையம் செய்து, முதற் கேள்வி கேட்ட அதே பிள்ளையை வாக்காளராக அனுப்பினார்கள். இடாப்பில் அவளுடைய பெயருக்கு நேரே ஏற்கெனவே கோடு. ஆரோ போட்டிட்டுப் போய்விட்டார்கள். இப்படியான வாக்காளரைத் திருப்பி அனுப்பக் கூடாது, கேள்வி கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு வேறு நிறச் சீட்டொன்று கொடுக்க வேண்டும் எண்டு பயிற்றுநர் விளங்கப்படுத்தினார். அவள் புள்ளடி போட்டுப் பெட்டிக்குக் கிட்டப் போக, மறித்தார்.

"அது பெட்டிக்குள்ள போகாது பிள்ளை. புறம்பா எடுத்து வைப்பினம். எண்ண மாட்டினம், வழக்கு வந்தால்தான் பார்ப்பினம்."

அவள் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிண்டாள். "அப்ப சேர், இதைப் படிவத்தில எங்க எழுதிறது?"

கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "குறிப்புகள்" எண்ட தலைப்புக்குக் கீழே இருந்த மூன்று கோடுகளைக் காட்டினார்.