மாவட்ட முன்சீப் மற்றும் நீதித்துறை நடுவர் நீதிமன்றம்

தமிழ்நாட்டின் தாலுகாத் தலைநகர்கள் பலவற்றில் அமைந்திருப்பதும், கைமாற்றாகக் கொடுத்த பணத்தை மீட்கவும், வரப்புத் தகராற்றில் தடையுத்தரவு கோரவும், அடிதடி வழக்கில் ஜாமீன் பெறவும் குடிமக்கள் முதன்முதலாகப் படியேறுவதுமான நீதிமன்றம் இது. உரிமையியல் வழக்குகளுக்கு முன்சீப்பாகவும் குற்றவியல் வழக்குகளுக்கு நடுவராகவும் ஒரே அதிகாரி ஒரே ஆசனத்தில் அமர்ந்து விசாரிப்பது இதன் தனி இயல்பாகும். வழக்கு மிகுந்த ஊர்களில் இவை இரு நீதிமன்றங்களாகப் பிரிந்திருக்கும்.

மாவட்ட முன்சீப் பதவி, தாமஸ் மன்றோ தலைமை வகித்த ஆணைக்குழுவின் முயற்சியை அடுத்து, 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குச் சட்டங்களால் சென்னை மாகாணத்தில் நிலைபெற்று, 1873-ஆம் ஆண்டின் உரிமையியல் நீதிமன்றச் சட்டத்தால் இன்றைய உருவத்தை எய்தியது. 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப்பாக அமர்ந்து, பின்னர் மாயூரத்திலும் அப்பதவியை வகித்த வேதநாயகம் பிள்ளையைப் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் ஆசிரியராக மட்டுமே நாம் போற்றுகிறோம்; ஆனால், ஆங்கிலம் அறியாதாரும் நியாயத்தின் போக்கை அறியவேண்டும் என்று கருதி, அக்கால உயர் முறையீட்டு மன்றமான சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் அவர் தமிழாக்கியது, அந்நாவலுக்குச் சற்றும் குறையாத தொண்டு. நடுவர் அதிகாரமோ நெடுங்காலம் வரிவசூல் செய்யும் அதிகாரிகளிடமே தங்கியிருந்தது. சென்னை மாகாணத்தில் முன்னரே தொடங்கிய நிர்வாக–நீதித்துறைப் பிரிவினையை, 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் நாட்டின் பெரும்பகுதிக்கும் விதியாக்கியது.

காலை பத்தரை மணிக்கு டவாலி வாயிலில் நின்று வழக்கின் பெயரை உரக்கக் கூப்பிட, வாதியோ பிரதிவாதியோ ‘ஆஜர்’ என்று குரல்கொடுத்து முன்வருவதும், பெரும்பாலானோர் அடுத்த வாய்தாவின் தேதியைக் குறித்துக்கொண்டு திரும்புவதும் இங்கே அன்றாட நிகழ்ச்சிகள். சம்மன் பெற்றும் வராத பிரதிவாதியின்மேல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அதனை நீக்கக் கோரும் மனுவுக்குச் சட்டம் அளித்த காலம் 30 நாள்கள். புரோநோட்டுக் கடனுக்குப் பொதுவாக மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு என்பதை அறியாது, நட்பை எண்ணிக் காத்திருந்து பணத்தை இழந்தவர்கள் எண்ணிறந்தோர். பண வழக்குக்கான கட்டணம் நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்து, 2017-இல் மூன்று ரூபாயாகக் குறைக்கப்பட்டது எளியோருக்குப் பேருதவி. சென்னை நகரத்திலோ, 1882-ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும் சிறுவழக்கு நீதிமன்றம் தனியே உள்ளது. மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக்களையும் அது விசாரிக்கிறது.

முதல் வகுப்பு நடுவர் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சங்கிதையின்படி 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சில அற்பக் குற்றங்களுக்குச் சமுதாயப் பணியையே தண்டனையாக்கலாம். திரும்பிய காசோலை வழக்குகளும், குடும்பநல நீதிமன்றம் இல்லாத எல்லைகளில் மனைவி மக்களின் ஜீவனாம்ச மனுக்களும் இவரிடமே வருகின்றன. ஆயினும், எமது கருத்தில், இந்த ஆசனத்தின் மேன்மை தண்டிப்பதில் இல்லை. கைதானவர் எவரும், பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தப்படவேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்பு; அவ்வாறு நிறுத்தப்பட்டவரை நோக்கி, ‘போலீசார் அடித்தார்களா?’ என்று கேட்டு, உடலில் காயம் உண்டா என்று பார்த்துக் குறித்த பின்னரே காவலுக்கு அனுப்பும் நடுவர், அந்தச் சில நிமிடங்களில் ஆற்றுகின்ற காரியம் பெரிது. அதனை வெறும் சடங்காக முடிப்பாரும் உளர். குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாளுக்குள் போலீசார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிடில் ஜாமீன் கைதியின் உரிமையாகிவிடுகிறது.

வழக்கறிஞரை அமர்த்த வகையற்றோருக்காக, 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி தாலுகா சட்டப்பணிகள் குழு செயற்படுகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தார், காவலில் உள்ளோர் ஆகியோர் வருமானக் கணக்கின்றியே இலவச உதவிக்கு உரியவர். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்த வழக்குக்கு மேல்முறையீடு இல்லை; செலுத்திய கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

இந்நீதிமன்றத்தின் உண்மையான குறை தீர்ப்புக்குப் பின்னரே தோன்றுகிறது. டிக்கிரி பெற்றவர் கையில் பணம் வந்துவிடுவதில்லை. பன்னிரண்டு ஆண்டுக்குள் நிறைவேற்று மனுப் போட்டு, கடனாளியின் சொத்து விவரத்தைத் தாமே தேடிக்கொடுத்து, ஜப்திக்கு அமீனாவை அழைத்துச் செல்லவேண்டும். நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2021-இல் ஆணையிட்டும் தாமதம் தீர்ந்தபாடில்லை. மறுபுறம், கடனாளியின் சமையல் பாத்திரங்கள், உடுதுணி, படுக்கை, தொழிலாளியின் கருவிகள், மத வழக்கப்படி பெண் கழற்றலாகாத தாலி போன்ற அணிகள் ஆகியவற்றை ஜப்தி செய்யலாகாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு தடுக்கிறது. சம்பளத்திலும், ஜீவனாம்ச டிக்கிரி நீங்கலாக, முதல் ஆயிரம் ரூபாயையும் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடலாகாது.